உப்பில்லாக் கஞ்சி

அத்தியாயம் 6

என் சின்னம்மா ஜலீலா சாச்சியின் சாப்பாட்டுக் கடைக் கண்ணாடியை உடைத்தவனுக்கு வாசிக்கத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். 'ஜலீலா ரேக் அவுட்' என்று மேலே பெரிதாக எழுதியிருந்ததை விட்டுவிட்டு, கீழே சாச்சியே ஒட்டியிருந்த 'வன்னியில் போரை நிறுத்து' சுவரொட்டியின் நடுவில் கல்லைப் போட்டிருந்தான். 2009 மே மாதம் ஸ்காபரோவில் எங்கள் ஆட்களின் கடையுள்ள பிளாசா எல்லாவற்றிலும் அந்தச் சுவரொட்டி இருந்தது. அதற்குக் கல்லெறிந்த ஒரே வீரன் இவனாகத்தான் இருப்பான்.

"கல்லைத் தொடாத," என்றார் சந்திரவதனா அக்கா.

"கைரேகை எடுக்கப் போறியளோ?"

"இல்லை. கையில கிடைச்சால் நீ அதை ஆருக்காவது எறிவாய்."

சரியாகத்தான் சொன்னார். அன்று காலை நான் அந்த மாதிரித்தான் இருந்தேன்.

சந்திரவதனா அக்கா இன்சூரன்ஸ் கொம்பனி ஒன்றில் வருடக்கணக்காகப் பொய்க் கழுத்து வலிக்காரர்களைப் பிடித்தவர். இப்போது பிளாசாவின் மேல்மாடியில், பல் டாக்டருக்கும் தையல் வகுப்புக்கும் நடுவில், சொந்தத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். நான் றம்ஸி. அவருடைய உதவியாளன், சாரதி, தேநீர் போடுபவன். அவருடைய தங்கை பேபி முள்ளிவாய்க்கால் கடற்கரையில் அகப்பட்டிருந்தார். அக்காவின் கைத்தொலைபேசி எந்த நேரமும் உள்ளங்கையிலேயே இருந்தது. எல்லாவற்றுக்கும் பகிடி விடுகிற நான் அதற்கு மட்டும் விடுவதில்லை.

நடந்தது இதுதான். யூனிவர்சிட்டி அவெனியூவில் சனம் இரவு பகலாக வீதியில் குந்தியிருந்து 'போரை நிறுத்து' என்று கத்திக்கொண்டிருந்தது. சாச்சி கஞ்சி காய்ச்சித் தன் வானில் ஏற்றிக்கொண்டு போனார். ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் என்று எங்களை உடுத்த உடுப்போடு யாழ்ப்பாணத்திலிருந்து துரத்திய இயக்கத்தின் கொடி அங்கே பறக்கிறது என்று நான் கத்தினேன். "நான் கொடிக்கோ கஞ்சி குடுக்கிறன்? பசிக்குத்தானே," என்று என் வாயை அடைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கஞ்சியைக் குடித்த இராஜரட்ணம் என்ற முதியவர் எழும்பி நின்றார். நின்றவர் அப்படியே சாய்ந்தார். இரத்தத்தில் பொட்டாசியம் கூடி இதயம் தடுமாறுகிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மகன் கஜீவன் அதைத் தமிழ் வானொலியில் சொல்ல, பெயர் சொல்லாத நேயர் ஒருவர் தொலைபேசியில் வந்து, "பொட்டாசியம் எண்டால் எங்கட சனத்துக்கு விளங்காதே? சயனைட்," என்றார். அவ்வளவுதான். இருபத்தைந்து வருடமாகக் கழுத்தில் சயனைட் கட்டிய இயக்கப் பிள்ளைகளைப் பார்த்த சனம் உடனே நம்பிவிட்டது. உண்மையாகவே சயனைட் என்றால் மனிசன் மீசையைத் துடைக்க முதல் முடிந்திருப்பார் என்று யோசிக்க ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை.

அடுத்த நாள் கஜீவன் இந்தப் பிளாசாவின் நடுவில் நின்று, எல்லாக் கடைக்காரரும் பார்த்திருக்க, "நஞ்சுக்காரி" என்று கத்தினான். மாநகரசபைப் பரிசோதகர் வந்து சட்டி, அகப்பை எல்லாம் பார்த்துவிட்டு ஒரு பிழையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் துண்டை யார் பார்த்தார்கள்? அந்தக் கிழமை பூப்புனித விழா ஓடர் போனது, பிறகு மத்தியானச் சாப்பாட்டு ஆட்கள் போனார்கள், கடைசியில் இந்தக் கல் வந்தது. பதினாறு வருடம் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று கட்டியெழுப்பிய பெயர் ஐந்து நாளில் போய்விட்டது.

அக்கா கடைக்குள் போய்க் கதிரையை இழுத்துப் போட்டார்.

"ஜலீலா அக்கா, அந்தாள் எவ்வளவு கஞ்சி குடிச்சவர்?"

"ரெண்டு கப். மூண்டாவதும் கேட்டவர். 'பிள்ளை, நல்ல ருசி' எண்டு சொன்னவர்." சாச்சியின் கண் காய்ந்திருந்தது. அழுது முடித்த கண் இல்லை அது, கோபக் கண்.

"என்ன போட்டுக் காய்ச்சினீங்கள்?"

"அரிசி, தேங்காய்ப்பால், இஞ்சி, உள்ளி, றம்பை இலை. ரெண்டு சட்டி. ஒண்டு எல்லாருக்கும். வெள்ளை மூடிச் சட்டி பிறஷர்க்கார ஆக்களுக்கு, உப்பில்லாமல். அவர் பிறஷர் எண்டு சொல்லி வெள்ளை மூடிக் கஞ்சிதான் கேட்டு வாங்கினவர்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "உப்பில்லாக் கஞ்சியை ஒரு யாழ்ப்பாணத்து மனிசன் ரெண்டு கப் குடிச்சு, ருசி எண்டு சொல்லி, மூண்டாவதும் கேட்டிருக்கிறார். நீ நம்புறியோ?"

"உப்புக் கொஞ்சம் குறைஞ்சாலே என்ர வாப்பா கோப்பையைத் தள்ளிப்போட்டு எழும்பிடுவார், அக்கா."

"அப்ப அவர் உப்புப் போட்டுத்தான் குடிச்சிருக்கிறார். ஆரின்ர உப்பு?"

சாச்சி தலையை ஆட்டினார். வரிசையில் நூறு பேர் நிற்க, யார் கையில் என்ன இருந்தது என்று அவர் எங்கே பார்ப்பது?

காரில் ஏறியதும் வானொலியைப் போட்டேன். கஜீவனின் குரல்தான் வந்தது. "அப்பா நேற்று நல்லா இருந்தவர். கதைச்சவர். இண்டைக்குக் காலமை திருப்பிப் பொட்டாசியம் ஏறிட்டுது. அந்த நஞ்சு இன்னும் உடம்புக்குள்ள நிக்குது."

அந்தப் பெயரில்லாத நேயர் திரும்பவும் வந்தார். "தம்பி, நான் முதலே சொன்னனான். உப்பே போடாத கஞ்சி அது. ஏன் போடேல்ல? யோசிச்சுப் பாருங்கோ."

நான் வாய்க்குள் ஒன்றைச் சொல்லி வானொலியை அடித்து நிறுத்தினேன். அக்கா என்னைத் திட்டவில்லை. அவருடைய முகம், கழுத்து வலிக்காரன் பந்தடிக்கிற படம் கையில் கிடைத்த அன்று இருந்த மாதிரி இருந்தது.

"ரெண்டு விசயம், றம்ஸி. நேற்று நல்லாயிருந்தவருக்கு இண்டைக்குத் திருப்பி ஏறியிருக்கு. உன்ர சாச்சி ஆஸ்பத்திரிப் பக்கம் போனவவே?"

"போனால் வாசல்லயே உயிரோட விடமாட்டாங்கள்."

"அப்ப இண்டைக்கும் அவருக்கு ஆரோ அதைக் குடுக்கினம். ரெண்டாவது, வெள்ளை மூடிச் சட்டியில உப்பில்லை எண்டு ஆருக்குத் தெரியும்?"

"காய்ச்சினவவுக்கும் குடிச்சவைக்கும்."

"வானொலியில வந்த குரல் பிறஷர்க்காரக் கிழவன்ர குரலோ? நாற்பது, நாற்பத்தைஞ்சு வயசு. அவன் அந்தக் கஞ்சியைக் குடிக்கேல்ல. குடிச்சவருக்குப் பக்கத்தில நிண்டிருக்கிறான். வண்டியைப் பாமசிக்கு விடு."

மருந்துக் கடையில் முர்ஷிதா இருந்தாள். என்னைக் கலியாணம் கட்ட மறுத்த பெண்களில் ஆகக் கெட்டிக்காரி. வெள்ளைக் கோட்டோடு வந்து, "ஒரு நோயாளியைப் பற்றியும் கதைக்க மாட்டன்," என்று முதலே சொல்லிவிட்டாள்.

"பெயரே சொல்லேல்ல," என்றார் அக்கா. "வயசான ஒருவர். பிறஷருக்கு ஒரு குளிசை. பொட்டாசியம் ஏறுது. பொதுவாச் சொல்லும், என்னத்தால ஏறும்?"

"ஒரு குளிசையோ, ஒரு குளிசைக்குள்ள ரெண்டு மருந்தோ?"

"அதில என்ன வித்தியாசம்?"

"அதிலதான் எல்லாரும் பிழை விடுகினம்." முர்ஷிதாவுக்கு உள்ளே ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. "இப்ப ரெண்டு மருந்தைச் சேர்த்து ஒரே குளிசையாக் குடுக்கினம். ஒண்டு இரத்தக் குழாயை இளக்கும். மற்றது தண்ணியை வெளியில எடுக்கும். சனம் ஒரு குளிசை எண்டபடியால் லேசான மருந்து எண்டு நினைக்குது. சிலர் பழைய குளிசையையும் விடாமல் கூடப் போடுகினம். அந்த இளக்கிற மருந்து பொட்டாசியத்தை உடம்பில மறிச்சு வைக்கும். அதோட முழங்கால் நோவுக்குக் குளிசையும் போட்டு, தண்ணியும் குடியாமல் வெயிலுக்க இருந்தால் சிறுநீரகம் களைச்சுப்போகும். அதுக்கு மேல உந்தப் பிறஷர் உப்பையும் சாப்பிட்டால் இதயம் நிண்டாலும் நிக்கும்."

"என்ன உப்பு?" அக்காவும் நானும் ஒன்றாகக் கேட்டோம்.

"உப்புக்குப் பதிலாப் போடுற உப்பு. சோடியம் இல்லை, பிறஷருக்கு நல்லம் எண்டு விக்கிறது. சோடியம் இல்லையெண்டால் வேற என்ன இருக்கு எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல. பொட்டாசியம்தான் இருக்கு. சாதாரண ஆளுக்குப் பெரிசா ஒண்டும் செய்யாது. இந்தக் குளிசை எடுக்கிற ஆளுக்கு அது நஞ்சு மாதிரி. நான் குளிசை குடுக்கேக்க ஒவ்வொருத்தருக்கும் கேக்கிறன், வேற என்ன எடுக்கிறீங்கள் எண்டு. ஒண்டுமில்லை எண்டுதான் சொல்லுவினம். இயற்கை எண்டு எழுதியிருந்தால் அது எங்கட ஆக்களுக்கு மருந்துக் கணக்கில இல்லை."

அக்கா நன்றி சொல்லவும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் நான் சிவப்பு விளக்குகளைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். எங்கள் ஆட்கள் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை நோயாளிக்குக் கொடுக்க விடமாட்டார்கள். ஃபிளாஸ்கோடு போவார்கள். அன்பின் அளவை ஃபிளாஸ்கின் அளவில் காட்டுவார்கள். அந்த ஃபிளாஸ்குக்குள் என்ன உப்பு இருக்குமோ என்று நினைத்து இன்னும் அழுத்தி மிதித்தேன்.

நினைத்தபடியே இருந்தது. கட்டிலில் இராஜரட்ணம் அரைக்கண் மூடிக் கிடந்தார். மருமகள் நிரூபா ஒரு கையால் அவருடைய தலையைத் தூக்கி, மறு கையால் சூப் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனாள். அக்கா பாய்ந்து கரண்டியைப் பிடித்துவிட்டார். சூப் அவருடைய சேலையில் ஊற்றுண்டது.

"எக்ஸ்கியூஸ் மீ. நீங்கள் ஆர்?"

"சூப்புக்கு என்ன உப்புப் போட்டனீர், பிள்ளை?"

"உப்புப் போடுறேல்ல அன்ரி. வீ ஆர் ஸோ கெயர்ஃபுல். பிறஷர் உப்பு மட்டும்தான். மாமாக்கெண்டே வேண்டினது. ஊர்வலத்துக்குப் போகேக்கயும் ஒரு சின்னப் போத்தில் பொக்கற்றில வச்சுக் குடுத்தனான்."

"டொக்டருக்குச் சொன்னனீரோ?"

"அவர் மெடிகேஷன்ஸ்தானே கேட்டவர். பிறஷர்க் குளிசை சொன்னனான். முழங்கால் குளிசையும் சொன்னனான். இது மெடிகேஷன் இல்லையே. இயற்கை."

எனக்கு அவளில் கோபப்பட வேண்டும்போல் இருந்தது, முடியவில்லை. வங்கியில் வேலை செய்கிற படித்த பிள்ளை. மாமனாருக்குத் தன் கையாலேயே ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் போத்தில் எங்க?" என்றார் அக்கா.

"சண்முகநாதன் அங்கிள் இப்பதான் எடுத்துக்கொண்டு போனவர். அது பழசாம், புதுசு கொண்டுவாறன் எண்டவர். வீட்டில இருக்கிறதையும் பின்னேரம் வந்து எடுக்கிறாராம். அவரிட்டத்தானே வேண்டினது."

சண்முகநாதனை எனக்குத் தெரியும். யூனிவர்சிட்டி அவெனியூவில் கைப்பட்டி கட்டிக்கொண்டு சனத்தை வரிசைப்படுத்துகிற தொண்டர் தலைவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். சாச்சியின் கஞ்சிச் சட்டிகளை வானிலிருந்து இறக்கக் கை கொடுத்தவரும் அவர்தான்.

அந்த நேரம் பார்த்துக் கஜீவன் கோப்பியோடு உள்ளே வந்தான். என்னைக் கண்டதும் அவனுடைய முகம் கறுத்தது. "உவன் அந்தக் கடைக்காரியின்ர ஆள். ஆர் உவனை உள்ளுக்க விட்டது? வெளியில போடா."

"வெளியிலதான் போறன்," என்று சொல்லி ஓடினேன்.

கனடாவில் தப்பி ஓடுகிறவனைப் பொலிஸ் பிடிக்காவிட்டாலும் ஆஸ்பத்திரிப் பார்க்கிங் மெஷின் பிடித்துவிடும். சண்முகநாதன் அதற்கு முன்னால் நின்று கார்ட்டை ஐந்தாவது விதமாகத் திருப்பிச் செருகிக்கொண்டிருந்தார். ஜக்கெற் பொக்கற் புடைத்திருந்தது.

"அண்ணை, உதவி வேணுமோ?"

"தம்பி, உது வேலை செய்யுதில்லை. உவங்கள் வருத்தக்காரரிட்டயும் பறிக்கிறாங்கள். யோசிச்சுப் பாருங்கோ."

அந்தக் கடைசிச் சொல்லிலேயே எனக்குக் குரல் பிடிபட்டுவிட்டது. காரில் கேட்ட அதே குரல்.

"யோசிச்சுத்தான் வந்தனான் அண்ணை. பொக்கற்றில இருக்கிறதோட மேல வாறியளோ, நான் செக்யூரிட்டியைக் கூப்பிட்டு அவங்களோட வாறியளோ?"

மெஷின் அந்த நேரம் அவருடைய கார்ட்டை விழுங்கிவிட்டது. அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

மேலே, அக்கா போத்திலை வாங்கிப் பார்த்தார். 'தூய மூலிகை உப்பு. பிறஷருக்கு நிவாரணம்' என்று தமிழில் பச்சை லேபல். அக்கா நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி உரித்தார். கீழே இன்னொரு லேபல் இருந்தது, ஆங்கிலத்தில். அதை அப்படியே நிரூபாவிடம் நீட்டினார்.

நிரூபா வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவளுடைய குரல் தேய்ந்துகொண்டு போனது. பொட்டாசியம் குளோரைட். இரத்த அழுத்தத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் இதைப் பாவிக்க வேண்டாம்.

"கடையில மலிவா வேண்டி, எச்சரிக்கைக்கு மேல தமிழ் லேபல் ஒட்டி வித்திருக்கிறார்," என்றார் அக்கா. "கஞ்சிக்குப் போட்டது இது. சூப்புக்குப் போட்டதும் இது. பிள்ளை, நிக்காமல் போய் டொக்டரிட்டக் காட்டும்."

நிரூபா போத்திலோடு ஓடினாள். கஜீவன் சுவரில் சாய்ந்துவிட்டான். "அங்கிள், உங்களுக்குத் தெரியுமோ? நான் வானொலியில பொட்டாசியம் எண்டு சொல்லேக்கையே உங்களுக்குத் தெரியுமோ?"

சண்முகநாதன் கதவுப் பக்கம் ஓர் அடி நகர்ந்தார்.

"தெரியும்," என்றேன் நான். "அதாலதான் முதல் ஆளா ஃபோன் எடுத்துச் சயனைட் எண்டவர். உங்கட அப்பா மூண்டு நாள் பிழைச்சு வந்தும், உந்த உப்பை நிப்பாட்டச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லேல்ல. இண்டைக்குத் திருப்பி ஏறினாப்பிறகுதான் போத்திலைப் பொறுக்க வந்தவர்."

கட்டிலில் கிடந்தவர் அப்போது மெல்ல முனகினார். "நான் தம்பிக்குச் சொன்னனான்... கஞ்சியில ஒண்டுமில்லை எண்டு. நல்ல கஞ்சி."

நான் கஜீவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. தகப்பன் நேற்றுக் கதைத்தபோது என்ன கதைத்தார் என்று வானொலியில் அவன் சொல்லாததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. சத்தம் போட்டுச் சொன்னதைத் திருப்பி எடுக்க அவனுக்கு வெட்கம். அவனுடைய வெட்கத்துக்கு என் சாச்சி கல்லெறி வாங்கியிருக்கிறார். என் கை தானாக மடங்கியது. அக்கா என் முழங்கையைப் பிடித்தார்.

சண்முகநாதன் தொண்டையைச் செருமினார். மேடையில் பேசுகிற குரலை எடுத்தார். "தங்கச்சி, நடந்தது நடந்திட்டுது. அங்க எங்கட சனம் கொத்துக் கொத்தாச் செத்துக்கொண்டிருக்கு. இந்த நேரத்தில உதுகளை வெளியில விட்டால் போராட்டத்துக்குத்தான் கெட்ட பேர். எங்களுக்குள்ள முடிப்பம்."

அக்கா குரலை உயர்த்தவில்லை. அவர் குரல் தாழ்ந்தால் கொம்பனிக்காரரே பயப்படுவார்கள்.

"என்ர தங்கச்சி அங்கதான் நிக்கிறாள். மூண்டு கிழமையா ஒரு சத்தமும் இல்லை. அவளை உம்மட போத்திலுக்கு மூடியாக்காதையும்."

 டாக்டர் வந்தார், தாதிமார் வந்தார்கள், ஃபிளாஸ்க் போனது. வேறு எத்தனை வீட்டுக்கு அந்தப் போத்தில் போயிருக்கிறது என்று டாக்டர் கேட்டபோது, சண்முகநாதன் நிலத்தைப் பார்த்தபடி வீடு வீடாகச் சொல்லத் தொடங்கினார். நான் அந்தந்த வீடுகளுக்கு ஃபோன் எடுத்தேன்.

திங்கட்கிழமை விக்டோரியா டே விடுமுறை. அன்று காலை வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்னது. பிளாசாவில் எல்லாக் கடைக்காரரும் வெளியே வந்து கார்த் தரிப்பிடத்தில் நின்றார்கள்.  அக்கா தன் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி ஒரு காரில் சாய்ந்திருந்தார். அது அடிக்கவில்லை. சாச்சியும் வாசலில் நின்று அழுதார். யாருக்காக அழுகிறீர்கள் என்று அவரிடம் கேட்க எனக்கு அன்று வாய் வரவில்லை.

கஜீவன் வந்தான். அப்பா தேறிவிட்டார், எழும்பியிருந்து கதைக்கிறார், இன்னும் ஒரு கிழமையில் வீட்டுக்கு விடுவார்கள் என்றான். பிறகு சாச்சிக்கு அருகில் வந்து, பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்கக்கூடிய குரலில், "அன்ரி, நான் பிழை விட்டிட்டன். உள்ளுக்க வந்து கதைக்கட்டோ?" என்றான்.

"ஏன் உள்ளுக்க?" என்றார் சாச்சி. "நஞ்சுக்காரி எண்டு நீர் கத்தினது இந்த இடத்தில."

"இண்டைக்கு எப்பிடி அன்ரி? எல்லாரும் செத்தவீட்டில நிக்கிற மாதிரி நிக்கினம்."

"செத்தவீட்டிலதான் சொல்லோணும். எல்லாரும் வந்திருக்கினம்."

கஜீவன் திரும்பினான். நகைக் கடைக்காரர், மரக்கறிக் கடைக்காரர், தையல் வகுப்புப் பெண்கள் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் சொன்னான். கஞ்சியில் ஒன்றுமில்லை என்றான், அப்பாவின் மருந்துக்கு ஒத்துவராத உப்பைக் கொடுத்தது தாங்கள்தான் என்றான், அது தெரிந்த பிறகும், அப்பா சொன்ன பிறகும், தான் பேசாமல் இருந்ததாகச் சொன்னான். சொல்லி முடித்துக் கையால் முகத்தைத் துடைத்தான்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அன்ரி."

"அதைப் பிறகு பாப்பம்," என்றார் சாச்சி. "இன்னொருக்காச் சொல்லும். பின்னுக்கு நிக்கிறவைக்குக் கேட்டிருக்காது."

அவன் இன்னொரு முறை சொன்னான்.